கட்டைவிரல் மறைத்த இடம்

"கறுப்புத் தொப்பி மொத்தம் எத்தன இருக்கு?" என்று கட்டிலில் இருந்தபடி யூலினார் கேட்டாள்.

ருஸ்தாம் போர்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி எண்ணினான். இருபத்தாறு வருடமாகப் படகு ஓட்டுகிறவன். தொலைவில் தெரியும் கப்பல் நிற்கிறதா நகர்கிறதா என்று கரையில் இருந்தே சொல்லிவிடுவான். உள்ளங்கையில் இருப்பதைப் பார்க்கத்தான் அவனுக்குக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவதும் அவன்தான்.

"அஞ்சு," என்றான். "இல்ல, ஆறு. ஒண்ணு ஓரமா ஒளிஞ்சுகிட்டு இருக்கு."

"ஆறும் இருக்கா? எதுவும் விழுந்துடலயே?"

"ஆறும் அதது எடத்துல இருக்கு. நீ கவலப்படாத."

அன்றைக்கு அவன் சொன்னது பொய் இல்லை. அது திங்கட்கிழமை. பொய் செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பித்தது.

தொப்பி என்று அவர்கள் சொன்னது ஜம்பரை. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு, உள்ளே உலோகம். போர்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஊசிகளின் தலையில் அதை மாட்டினால் இரண்டுக்கும் தொடர்பு உண்டாகிக் கரன்ட் போகும், பிடுங்கினால் நிற்கும். போர்டு சீட்டுக்கட்டு அளவு இருந்தது. சிப்பு செய்யும் கம்பெனிகள், வாங்குவதற்கு முன் இதில் ஓட்டிப் பாருங்கள் என்று தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் பரிசோதனை போர்டு அது. மேல் பாதி கம்ப்யூட்டரோடு பேசும். கீழ்ப் பாதியில்தான் மூளை. எதிரே இருக்கும் பெரிய தீவான பாத்தாமில், மூக்கா கூனிங் தொழிற்பேட்டையில் யூலினார் வேலை பார்த்த சோதனைப் பிரிவில் இந்த மாதிரி போர்டுகள் டப்பா டப்பாவாகக் கிடக்கும். பழையதை வெளியே போட்டபோது மேலதிகாரியிடம் கேட்டு ஒன்றை எடுத்து வந்திருந்தாள். ஏழு வருடமாக அது துணி அலமாரியில், அவளுடைய கம்பளிச் சட்டைக்கு அடியில் கிடந்தது. எங்கள் பெலாக்காங் பாடாங் தீவில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது. அந்தத் தொழிற்சாலைக்குள் ஏசி குளிர் அப்படி.

அந்த யூலினாருக்கு இப்போது கழுத்துக்குக் கீழே வலது கட்டைவிரல் மட்டும்தான் அசைகிறது. நரம்பு நோய். விரல் நுனியில் ஆரம்பித்து, ஒரு வருடத்தில் கைகால் முழுவதையும் எடுத்துக்கொண்டு, போன வருடம் அவளைக் கட்டிலில் போட்டது. குரலும் பாதியாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும், சமையலறைக்குப் போனால் கேட்காது. அவளைப் படுக்கையில் போட்ட அன்றே ருஸ்தாம் படகைக் கட்டிப் போட்டான். குழந்தைகள் இல்லை. கம்பெனி கொடுத்த பணத்தில் சாப்பாடு நடந்தது.

எங்கள் படகுத்துறையில் ஒரு சட்டம் உண்டு. தீவில் இருந்து பாத்தாமின் செக்குப்பாங் கரைக்கு ஆள் ஏற்றும் பொம்போங் படகுகள் முறை வைத்துத்தான் புறப்படும். முறைப் பட்டியலில் பெயர் இருக்கிறவன்தான் ஓட்டலாம். என்ன காரணமாக இருந்தாலும் சரி, ஒரு வருடம் படகு எடுக்காதவன் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். சங்கத் தலைவர் ஹாஜி முக்லிஸ் வீடு தேடி வந்து, கதவருகிலேயே நின்று, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். "சனிக்கிழமையோட ஒரு வருசம் ஆகுதுப்பா. ஒரு நட வந்து எடுத்துட்டுப் போயிடு. எனக்கும் உன் பேர வெட்ட மனசு வரல."

ஒரு நடை என்பது அரைமணி நேர வேலை. ஒரு நாள் யாரையாவது உட்கார வைத்து எடுத்துவிடலாம், மறுபடி தினமும் ஓட்டத்தான் வழி இல்லை. யூலினார் படுத்த இரண்டாம் மாதம் ஒரு காலையில், இலையில் அவித்த லொந்தோங் சோறு வாங்கப் போகிறேன் என்று ருஸ்தாம் கடைத்தெருவுக்குப் போனான். இருபது நிமிடம் இருக்கும். அதற்குள் யூலினாரின் தலை தலையணையில் இருந்து சரிந்து, முகம் மெத்தையில் புதைந்துவிட்டது. கூப்பிட்டிருக்கிறாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு சவுதா அக்கா டிவியை அலறவிட்டு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். ருஸ்தாம் வந்து பார்த்தபோது மனைவியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்குப் பிறகு, சவுதா அக்கா வந்து உட்கார்ந்தால் ஒழிய அவன் வாசல் தாண்டியதில்லை. அந்த அக்காவும் நாள் பூராவும் மீன் அப்பளம் பொரித்து விற்கிறவள். அவளால் எவ்வளவு நேரம்தான் வந்து உட்கார முடியும்?

அதற்குத்தான் மணி. யூலினார் கட்டைவிரலை அழுத்தினால் அடுத்த வீட்டுச் சமையலறையில் அடிக்கிற மணி.

"கடையில காலிங்பெல் தொங்குதே, ஒண்ண வாங்கி மாட்டு," என்றாள் சவுதா அக்கா. "இதுக்குப் போய் ராக்கெட் விடுற மாதிரி என்னென்னமோ பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

மாட்டிப் பார்த்தாகிவிட்டது. யூலினாரின் கட்டைவிரல் சும்மா இருக்காது, எந்நேரமும் நடுங்கும். காலிங்பெல்லுக்கு நடுக்கத்துக்கும் கூப்பிடுவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே பகலில் நூறு தடவை அடித்து, சவுதா அக்கா கரண்டியும் கையுமாக ஓடி ஓடி வந்து, மாலையில் அவளே அதைக் கழற்றித் தந்துவிட்டுப் போனாள். நடுக்கம் எது, அழுத்தம் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு மூளை வேண்டும். அந்த மூளை தன் அலமாரியில் கிடக்கிறது என்று யூலினாருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

புரோகிராமை அவள் சொல்லச் சொல்ல, பழைய லேப்டாப்பில் ருஸ்தாம் ஒற்றை விரலால் அடித்தான். ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு வரி முடிந்ததும் அரைப்புள்ளி வைக்க வேண்டும் என்பதை அவனால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "வரி முடிஞ்சது அதுக்கே தெரியாதா? நான்தான் அடுத்த வரிக்குப் போயிட்டேனே," என்று கேட்டான். "உங்க படகு மாதிரிதான். கயிறு கட்டுனாத்தான் நின்னுச்சுன்னு அர்த்தம்," என்றாள் அவள். அதன்பிறகு ஒரு வரியில்கூட அவன் அரைப்புள்ளியை விடவில்லை. ஒன்பதாம் நாள் பிழை எதுவும் இல்லை என்று லேப்டாப் சொன்னபோது, அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சியை அவனே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டான், சந்தோஷத்தில்.

இனி மிச்சம் போர்டை எழுப்புவதுதான். திங்கட்கிழமை தொப்பிகளை எண்ணிவிட்டு, வீட்டில் இருந்த கேபிளால் லேப்டாப்போடு இணைத்தான். மேல் பாதியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப் பேசாமல் இருந்தது. இது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள், இதில் கரன்ட் போகும், பேச்சு போகாது, வேறு வாங்க வேண்டும் என்றாள் யூலினார்.

செவ்வாய்க்கிழமை பகலில் அவள் கண்ணயர்ந்திருந்த நேரம், போர்டில் ஏழு வருடத் தூசி இருக்கிறதே என்று, படகுக்குப் பெயின்ட் அடிக்கும் சின்னத் தூரிகையால் அவன் தட்டிக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது அது கண்ணில் பட்டது. மற்ற ஐந்து தொப்பிகளும் இரண்டு இரண்டு ஊசியில் உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் இருந்த ஆறாவது மட்டும் ஒரே ஊசியில் மாட்டியிருந்தது. இன்னொரு ஊசி வெறுமனே நின்றது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ருஸ்தாமுக்குப் போர்டு புதுசு, கரன்ட் புதுசு இல்லை. பேட்டரி முனையில் வயர் தொட்டும் தொடாமலும் இருந்து நடுக்கடலில் என்ஜின் நின்ற அனுபவம் அவனுக்கு எத்தனையோ தடவை. கீழ்ப் பாதிக்குப் போகும் கரன்ட் இந்த இடத்தில்தான் அறுந்திருக்கிறது என்று அவனுக்குப் பார்த்த உடனே புரிந்தது. நகத்தால் பிடுங்கி இரண்டு ஊசியிலும் சேர்த்து அழுத்தினால் முடிந்தது வேலை. விரலைக் கிட்டே கொண்டு போனான். கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னங்க, ஏதாச்சும் தெரியுதா?" அவள் எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை.

"தூசிதான்," என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அப்போது கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவர்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடம். யூலினார் தூரத்துப் பாயக்கும்பு ஊரில் இருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த மினாங் இனப் பெண். காலை ஷிப்டுக்கு இவன் படகில்தான் செக்குப்பாங் போவாள், அங்கிருந்து கம்பெனி பஸ். பதினைந்து நிமிடம், அதுவும் பன்னிரண்டு பயணிகளுக்கு நடுவில். அவள் வீட்டுக்கு வரும்போது இவன் கடலில் இருப்பான், இவன் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர்களுடைய தாம்பத்தியம் முக்கால்வாசி என்ஜின் சத்தத்தில் நடந்தது. இந்த ஒரு வருடமாகத்தான் அவன் அவளுக்குத் தலை வாருகிறான். வகிடு இடப்பக்கம் எடுத்தால் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தினமும் அவள் பையில் மங்குஸ்தான் பழம் போட்டுவிட்டு ஓடிவிடுவான் என்று தெரிந்துகொண்டு, ஐம்பது வயதில், பார்த்திராத அந்தப் பையன்மேல் இரண்டு நாள் பொறாமைப்பட்டான். மணி அடிக்க ஆரம்பித்தால் இதெல்லாம் முடிந்துபோகும். காலையில் போய் மாலையில் வருகிற பழைய ருஸ்தாம் ஆகிவிடுவான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த நீல உதடு.

புதன்கிழமை சவுதா அக்காவை உட்கார வைத்துவிட்டு, வேறொருவன் படகில் பயணியாக ஏறி செக்குப்பாங் போய், நல்ல கேபிள் ஒன்று வாங்கி வந்தான். வாங்கும்போதே தெரியும், இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று. கடைக்காரனிடம் மூன்று கேபிளை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்து, எது நல்லது என்று அக்கறையாக விசாரித்தான். குற்ற உணர்ச்சி உள்ளவன் இப்படித்தான் தேவையில்லாத இடத்தில் எல்லாம் நேர்மையாக இருப்பான்.

புதுக் கேபிளைச் செருகியதும் லேப்டாப் பேசியது. போர்டு இருக்கிறது, சிப்பைக் காணவில்லை என்றது.

யூலினார் முகட்டைப் பார்த்தபடி யோசித்தாள். "மேல் பாதி உயிரோட இருக்கு. கீழ போகல. ஓரத்துல ஒரு தொப்பி இருக்குன்னு சொன்னீங்களே, அது நல்லா உக்காந்துருக்கா?"

"உக்காந்துருக்கு."

"கொண்டாங்க, பாப்போம்."

முகத்துக்கு எதிரே கொண்டுபோய்க் காட்டினான். அவள் கண்கள் போர்டின் மேல் மெதுவாக ஊர்ந்தன. அவனுடைய கட்டைவிரல், படகுக் கயிறு இழுத்துத் தடித்த விரல், ஓரத்தை மூடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்புங்க, சாயுங்க என்றாள். திருப்பினான், சாய்த்தான். விரல் மட்டும் நகரவில்லை.

வியாழக்கிழமை அவள் வேறு வேறு வழியெல்லாம் சொன்னாள். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னாள், பக்கத்து ஓட்டையில் கேபிளை மாற்றச் சொன்னாள், போர்டில் இருக்கும் கறுப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே செருகச் சொன்னாள். எல்லாவற்றையும் அவன் அப்படியே செய்தான். மறுபடி ஒரு தடவை காட்டச் சொன்னாள், அதையும் செய்தான், விரலோடு. மதியத்துக்குமேல் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"சரி, எடுத்து வைங்க. சிப்பு செத்துப்போச்சு. ஏழு வருசம் ஈரக் காத்துல கெடந்தா என்ன ஆகும்."

அவள் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்க அவன்தான் வர வேண்டும். வந்து துடைத்தான். அவளுக்குப் பிடிக்கும் என்று புளி போட்டு மீன் சாறு வைத்தான். ஒரு கரண்டிக்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. சவுதா அக்கா அப்பளம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இருவர் முகத்தையும் பார்த்தாள். "ஏம்ப்பா, ஒரு மணி அடிக்கலன்னா ரெண்டு பேரும் இப்படியா மூஞ்சிய வச்சிருப்பீங்க? எழவு வீடு மாதிரி இருக்கு," என்றாள். இதைவிட மோசமாக ஒரு நாள் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று ருஸ்தாம் நினைத்தான். அப்படி நினைத்தும், போர்டைக் கையில் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். முதுகுப் பக்கம் துடைத்துவிட்டு, பவுடர் போட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது அவள் கேட்டாள்.

"அந்த போர்டக் கொஞ்சம் காட்டுங்க."

"அதான் செத்துப்போச்சுன்னு சொன்னியே."

"செத்தவங்கள ஒரு தடவ பாக்கக்கூடாதா. கொண்டாங்க."

கொண்டு வந்து காட்டினான். அவள் போர்டைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள்.

"கட்டவிரல எடுங்க."

அவன் போர்டை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினான்.

"மூணு நாளா அதே எடத்துலதான் பிடிக்கிறீங்க. அது என்ன மீனா, வழுக்கி ஓடுறதுக்கு? எடுங்க."

எடுத்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஒரே ஊசியில் மாட்டிக்கொண்டு தொப்பி நின்றது. யூலினாரின் தொண்டையில் இருந்து ஏதோ சத்தம் வந்தது. மூச்சு அடைக்கிறது என்று அவன் பதறிப்போய்ப் போர்டை மெத்தையில் போட்டுவிட்டு அவள் தலையைத் தூக்கினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத அப்படி மாட்டுனது நான்தாங்க," என்றாள். மூச்சு வாங்கி, விட்டு விட்டுச் சொன்னாள். "சிப்பு எவ்வளவு கரன்ட் குடிக்குதுன்னு பாக்கணும்னா அந்தத் தொப்பியக் கழட்டிட்டு மீட்டர வைக்கணும். கழட்டுனத மேசையில வச்சா காணாமப் போயிடும். அதனால ஒரு ஊசியில தொங்க விட்டுடுவோம். வேல முடிஞ்சதும் எவளும் திருப்பிப் போடமாட்டா. அடுத்து எடுக்குறவ, போர்டு செத்துடுச்சுன்னு அர நாள் தலைய ஒடச்சுக்குவா. எங்க செக்சன்ல பாதிச் சண்ட இதாலதான். நானே எத்தன பேரத் திட்டியிருக்கேன் தெரியுமா."

அவனும் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"நேத்து நான் அழுதப்ப?"

"தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளால் சாத்த முடிந்த கதவு அது ஒன்றுதான். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கட்டைவிரல் அவன் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. கடலுக்கு மேலே நிற்கும் அந்த வீட்டுக்குக் கீழே தண்ணீர் தூண்களில் மோதியது. அவனே பேசினான்.

"எனக்குப் பயமா இருக்கு யூலி. ஒரு வயர நம்பி உன்ன விட்டுட்டுப் போகச் சொல்ற. அன்னிக்கு உன் ஒதடு எப்படி இருந்துச்சுன்னு நீ பாக்கல. நான் பாத்தேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அது மட்டும் இல்ல. இந்த ஒரு வருசம் எனக்கு நல்லா இருந்துச்சு. நீ இப்படிக் கெடக்குறப்ப இதச் சொல்றது பாவம். ஆனா இருந்துச்சு. அதான் மறச்சேன்."

"எனக்கும்தான் நல்லா இருந்துச்சு," என்றாள் அவள். கண்ணைத் திறந்து அவனை நேராகப் பார்த்தாள். "ஆனா ஒரு வருசமா நீங்க வீட்டுக்கு வரவே இல்லையே. இங்கயேதான இருக்கீங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தாக்கூட உங்க படகுச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும். உங்களுக்குத்தான் நான் தூங்குன மாதிரி தெரியும். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு என்னால செய்ய முடிஞ்சது காத்துக்கிட்டு இருக்குறது ஒண்ணுதான். அதையும் நீங்க பிடுங்கிக்கிட்டீங்க. போயிட்டு வாங்க. எங்கயாச்சும் போயிட்டு வாங்க."

ருஸ்தாம் அவள் கையைக் கட்டிலில் மெதுவாக வைத்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்து, கண்ணாடியைத் தலையில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, போர்டை எடுத்துக் கேபிளைச் செருகினான்.

"மொதல்ல கேபிளப் பிடுங்குங்க. கரன்ட் இருக்கப்ப கை வைக்கக்கூடாது."

பிடுங்கினான். தொப்பியைக் கழற்றி, இரண்டு ஊசிக்கும் நேராக வைத்து அழுத்தினான். உள்ளே இறங்கியது விரலில் தெரிந்தது. கேபிளைச் செருகினான். மேலே சிவப்பு எரிந்தது. கீழே ஒன்றும் இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப் பாதியில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டும் நேரம் எரிந்து அணைந்தது. கெட்டுவிட்டதோ என்று அவன் குனிந்தபோது மறுபடி எரிந்து அணைந்தது.

"விடுங்க, அது அப்படித்தான்," என்றாள் யூலினார். "மூணு செகண்ட் தூங்கும், ஒரு தடவ முழிச்சுப் பாக்கும். தூங்குறப்ப எவ்வளவு கரன்ட் குடிக்குதுன்னுதான் அன்னிக்கு அளந்துக்கிட்டு இருந்தேன். மீட்டர் முனைய என் கையாலதான் பிடிச்சிருந்தேன்."

புதுப் புரோகிராமை ஏற்றினால் பழையது அழிந்துவிடும். அவன் அவளைப் பார்த்தான். அவள் இன்னும் பத்துப் பன்னிரண்டு தடவை அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு ஏற்றுங்க என்றாள்.

மிச்சமெல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்தது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போன் சார்ஜரில் ஓட வேண்டும் என்றால் இன்னொரு தொப்பியைப் பக்கத்து ஊசிக்கு மாற்ற வேண்டும், அதை அவனே செய்தான். பழைய மௌஸில் இருந்து கழற்றிய பொத்தானை ஒரு பஞ்சுத் துண்டில் தைத்து, அவள் கட்டைவிரலுக்கு அடியில் கட்டினான். வயரைப் பலகை இடுக்கு வழியாகக் கொண்டுபோய் சவுதா அக்காவின் அடுப்புக்கு மேலே ஆணியில் மணியை மாட்டினான். ஒரு முழு நொடி அழுத்தினால் ஒரு தடவை அடிக்கும், முடிந்தபோது வரலாம் என்று அர்த்தம். மூன்று நொடி அழுத்தினால் நிற்காமல் அடிக்கும். யூலினார் இரண்டையும் அடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு ருஸ்தாம் ஒரு மணி நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் பொத்தானின் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த வீட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது.

"அடிக்கவே இல்லையேப்பா, வயரு அறுந்துபோச்சா?" என்று சவுதா அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினாள்.

யூலினார் ஒரு முழு நொடி அழுத்தினாள். மணி ஒரு தடவை அடித்தது.

"சரி சரி, இருக்கு," என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை ருஸ்தாம் வாசல் வரை போய்விட்டு நான்கு தடவை திரும்பி வந்தான். தலையணையைச் சரிசெய்தான், கழுத்துக்கு இரண்டு பக்கமும் துணிச் சுருள் வைத்தான், பொத்தானைத் தொட்டுப் பார்த்தான், தண்ணீர் கொடுத்தான். ஐந்தாவது தடவை யூலினார் பொத்தானை அழுத்தி, சவுதா அக்காவை வரவழைத்து, இவரைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு வாங்க என்றாள். அக்கா எண்ணெய்க் கையோடு அவன் முதுகில் கை வைத்து நடைபாதை வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் சமையலறைக்குப் போனாள்.

லொந்தோங் வாங்கப் போன அந்தக் காலைக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். பலகை நடைபாதையில் அவன் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. துறைப் பக்கம் ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஹாஜி முக்லிஸாகத்தான் இருக்கும். ஒரு என்ஜின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் துறையை விட்டு விலகி, செக்குப்பாங் பக்கமாக மெலிந்து, மற்றப் படகுகளின் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது. அவளுக்குப் பயம் வந்தது. வராது என்று நினைத்திருந்தாள். முகட்டு ஓட்டை வழியாக விழுந்த வெயில் தலையணையில் ஏறி, கன்னத்துக்கு வந்து, மெதுவாகக் கண்ணை நோக்கி நகர்ந்தது. ஒரு நொடி அழுத்தினால் சவுதா அக்கா வந்து துணியைப் போட்டு மறைத்துவிடுவாள். கட்டைவிரல் பொத்தானின் மேல் நடுங்கியது. அவள் அழுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்குள் சிவப்பாக இருந்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. வெயில் கண்ணைத் தாண்டி நெற்றிக்குப் போயிருந்தது. தூரத்தில் ஒரு என்ஜின் சத்தம் மற்றதில் இருந்து பிரிந்து தனியாகக் கேட்டது. துறைக்குள் நுழையும்போது அதன் வேகம் குறைந்தது, இருமியது, நின்றது. துறையில் இருந்து வீட்டுக்கு ஆறு நிமிட நடை. அந்த ஆறு நிமிடமும் யூலினாருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறவனுக்கு எந்த முகத்தைக் காட்டுவது என்று மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நடைபாதைப் பலகைகள் அதிர ஆரம்பித்தன. அவன் நடக்கவில்லை, ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் கழுத்தை, அது எவ்வளவு திரும்புமோ அவ்வளவும், கதவுப் பக்கமாகத் திருப்பினாள்.